மனநல மருத்துவர்களே, எடையையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய மனநல மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். காதில் கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் அடங்கி, அவன் இன்று நிம்மதியாகத் தூங்குகிறான் என்றால் அதற்கு உங்கள் மருந்துதான் காரணம். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள். தற்கொலையும் விபத்தும் அதில் ஒரு பங்குதான். பெரும்பங்கு இதயநோய், சர்க்கரை, நுரையீரல் நோய், தொற்று. வேறு யாருக்காவது வந்தால் உடனே மருந்து எழுதிக் கொடுக்கும் அதே நோய்கள்!

ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், மனச்சிதைவு உள்ளவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு அதிகம், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு அதிகம், நல்ல கொழுப்பு குறைவு. ஆறு நிமிடத்தில் அவர்களால் நடக்க முடிகிற தூரமும் குறைவு. எல்லாம் மருந்தால்தான் என்றும் சொல்லிவிட முடியாது. மருந்தே தொடங்காதவர்களிடமும் உடல் சர்க்கரையைக் கையாளும் விதம் கெட்டிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதன்மேல் ஓலான்சபினோ க்ளோசபினோ போன்ற மனநோய் மருந்து சேரும்போது, முதல் சில வாரங்களிலேயே எடை ஏறத் தொடங்கிவிடுகிறது.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று தம்பி சொன்னபோது, "மருந்துச் சோர்வுதான்" என்றார் அவனைப் பார்த்த டாக்டர். வீட்டுக்கு வந்து ஃபைலைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் தூக்கம் எப்படி, பேச்சு எப்படி, சந்தேகம் இருக்கிறதா என்று எழுதியிருந்தது. எடை என்று ஓர் எண்கூட இல்லை. அவனுடைய பெல்ட்டோ கடைசி ஓட்டைக்கும் எட்டாமல் போய், அதை மாட்டுவதையே விட்டிருந்தான். அப்புறம் வேறோர் இடத்தில் பரிசோதித்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுமே அதிகம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் நடந்த 'கேட்டி' என்ற பெரிய ஆய்வில் சேர்ந்த மனச்சிதைவு நோயாளிகளில், சர்க்கரை இருந்தவர்களில் சுமார் 30 சதவீதமும், ரத்த அழுத்தம் இருந்தவர்களில் சுமார் 62 சதவீதமும் அதற்குச் சிகிச்சையே பெறாமல் இருந்தார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்க நீரிழிவு, மனநல மருத்துவச் சங்கங்கள் 2004லேயே எழுதிவைத்துவிட்டன: மருந்து தொடங்கும் முன் எடை, இடுப்பு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, பிறகு 4, 8, 12வது வாரங்களில் எடை. ஓர் எடை மெஷினும் அளவு டேப்பும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எண் ஏறினால் மருந்தை மாற்றலாமா, சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மினைச் சேர்க்கலாமா என்று அப்போதே யோசிக்கலாம். பொது மருத்துவரிடம் அனுப்பினால் ஒரு வரி எழுதிக்கொடுத்து அனுப்புங்கள். இல்லையென்றால் அவர் உங்களைக் கை காட்டுவார், நீங்கள் அவரைக் கை காட்டுவீர்கள், நாங்கள் நடுவில் அலைவோம்.

சிகரெட்டைப் பற்றியும் கேளுங்கள். "பாவம், அவருக்கு இருக்கிற ஒரே ஆறுதல்" என்று விட்டுவிடாதீர்கள். நிறுத்தினால் ரத்தத்தில் க்ளோசபின், ஓலான்சபின் அளவு ஏறும். அதற்கேற்ப டோஸைக் குறைக்க வேண்டிவரலாம். அதனால் நீங்கள் கூட இருந்துதான் நிறுத்தவைக்க வேண்டும்.

எடுத்த அளவுகளை எங்களிடமும் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்வரை வீட்டில் நாங்கள் எடை பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
மனச்சிதைவு உள்ள ஒருவனின் அக்கா