முர்ரா வாங்கப் போகிறவனுக்கு

அன்புள்ள கோபாலனுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்தி லீவுக்கு வந்திருப்பதால் உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்கவில்லை. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். எனக்கு முட்டிவலியைத் தவிரக் குறையொன்றும் இல்லை.

சரி, எருமைக்கு வருகிறேன். ரிட்டயரான பணத்தில் அரியானா ரோத்தக்கிலிருந்து நான்கு முர்ரா ஜாதி எருமை இறக்கப் போகிறாய், அதுவும் சித்திரையில். "அரியானாவில் 45 டிகிரி அடிக்கிறது. அதையே தாங்கின மாட்டுக்குச் சீர்காழி வெயில் எம்மாத்திரம்?" என்று என்னிடமே கேட்கிறாய். இத்தனை வருஷம் மாட்டு டாக்டராக இருந்தவனை மடக்கிவிட்டதாக நினைப்பு உனக்கு.

எருமைக்கு வியர்வைச் சுரப்பி மிகவும் குறைவு. பசுவுக்கு இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். தோல் கறுப்பு, மேலே முடியும் அதிகமில்லை, அதனால் வெயிலை அப்படியே வாங்கிக்கொள்ளும். வியர்த்துத் தணிய வழியில்லாததால்தான் தண்ணீரில் போய்க் கிடக்கிறது. அரியானாவில் ஊருக்கு ஊர் குளம் இருக்கும், ஜோஹட் என்பார்கள். உச்சி வெயிலில் ஊர் எருமையெல்லாம் அதற்குள்தான். கரையேறினதும் வறண்ட காற்றில் முதுகு ஈரம் சட்டென்று ஆவியாகும், சூட்டையும் கொண்டு போகும். அப்புறம் மார்கழி, தையில் ராத்திரிக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும், உடம்பு தேறிக்கொள்ளும். உன் ஊரில் 36 டிகிரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடற்காற்றுப் புழுக்கத்தில் கொடியில் போட்ட வேட்டியே காய மாட்டேன் என்கிறது. எருமை முதுகு எங்கே காயும்?

வெயிலாவது பிறகு. முதலில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் நின்றுகொண்டே வர வேண்டும். போன வைகாசியில் என் மச்சினன் மகன் அந்தியூர் பக்கம் இப்படித்தான் இறக்கினான். ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது, கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும் என்றெல்லாம் 1978-ஆம் வருஷத்து விதி இருக்கிறது. அந்த லாரியில் எட்டு நின்றன. விடிகாலையில் ஒரு மண்மேட்டில் வண்டியைப் பின்னால் அணைத்தார்கள். போட்டிருந்த வைக்கோல் மூத்திரத்தில் ஊறி வழுக்கியது. ஒவ்வொரு பிரேக்குக்கும் காலை ஊன்றி ஊன்றித் தொடையெல்லாம் நடுக்கம். ஒன்றின் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டேன், மடிப்பு அப்படியே நின்றது. உடம்பில் அவ்வளவு தண்ணீர் வற்றிவிட்டது. பையன் ஆசையாக மாவும் புண்ணாக்கும் கரைத்து வைத்திருந்தான். பிடுங்கி அந்தப்பக்கம் வைத்தேன். காய்ந்த வயிற்றில் திடீரென்று மாவு போனால் புளித்து விஷமாகும். வெல்லமும் உப்பும் கரைத்த தண்ணீர், பிறகு வெறும் வைக்கோல், அன்றைக்கு அவ்வளவுதான். கோதுமை வைக்கோலும் பர்சீம் என்கிற பசுந்தீவனமும் தின்று பழகின வயிறு நம்முடைய வைக்கோலுக்கும் சோளத்தட்டுக்கும் மாற இரண்டு மூன்று வாரம் எடுக்கும்.

நாலைந்து நாள் கழித்து ஒன்றுக்குக் காய்ச்சல். தொண்டை வீங்கி, மூச்சு கர்கர் என்றது. மறுநாள் இல்லை. தொண்டை அடைப்பான். அந்தக் கிருமி சில மாடுகளின் தொண்டையில் சத்தமில்லாமல் இருக்கும். பயணத்தில் உடம்பு நொந்ததும் தலை தூக்கும். பசுவைவிட எருமையைத்தான் சீக்கிரம் கொல்லும். ஏற்றுவதற்கு மூன்று வாரம் முன்னாலேயே அதற்கும் கோமாரிக்கும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். வந்த பிறகு போட்டு என்ன?

மிஞ்சினவற்றில் இன்னொரு தகராறு. 14 லிட்டர் என்று சொல்லி விற்ற எருமை ஐந்தைத் தாண்டவில்லை. பையன் தரகரைத் திட்டித் தீர்த்தான். எனக்கென்னவோ தரகர் சொன்னது பொய்யென்று தோன்றவில்லை. எருமைக்குக் காம்புக்கு மேலே உள்ள அறையில் பால் கொஞ்சம்தான் நிற்கும், மீதியெல்லாம் மடித் திசுவுக்குள். பயமில்லாமல் நின்றால்தான் சுரப்பு விடும். அங்கே பெரும்பாலும் பெண்கள்தான் எருமையைப் பார்ப்பார்கள், கறப்பார்கள். இங்கே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓர் அந்நியன் போய் உட்கார்ந்தால்? கடைசியில் பையனின் அம்மா, ஒரு பிடி பருத்திக்கொட்டையை முன்னால் வைத்து, கன்றை ஊட்டவிட்டு, லாரிக்காரர் கொடுத்த மாதிரி நாக்கால் 'ச்சக் ச்சக்' என்று குரல் கொடுத்துக் கறந்தார். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பால் இறங்க ஊசி போட்டுக் கறக்கச் சொல்வார்கள், அந்தப் பக்கமே போகாதே.

கோடையில் பருவத்துக்கு வருவதும் அப்படித்தான். கத்தாது, தெரியாது. ராத்திரியிலும் விடியலிலும் டார்ச்சோடு போய்ப் பார்த்தால்தான் சினை ஊசிக்கு நேரம் பிடிபடும்.

இடம் மாறினால் முர்ரா பிழைக்காது என்று சொல்ல வரவில்லை. 1962-இல் இங்கிருந்து பல்கேரியா போனவை அங்கே வேரூன்றி, அவற்றின் வம்சம் பிலிப்பைன்ஸ் வரை போயிருக்கிறது. ஆனால் ஒட்டிக்கொள்வது இறங்கின மாடு அல்ல, அங்கே பிறக்கும் கன்று. அதனால்தான் சொல்கிறேன், இங்கேயே பிறந்து வளர்ந்த முர்ராக் கிடேரியாகப் பார். பால் ஒன்றிரண்டு லிட்டர் குறைந்தாலும் உனக்குத் தூக்கம் வரும். ரோத்தக்தான் என்று அடம் பிடித்தால் சித்திரை வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் உன் ஊரே தண்ணீரில் நிற்கும், அதுவும் ஆகாது. தைக் கடைசியில் இறக்கு, கத்திரிக்கு முன்னால் ஏறக்குறைய மூன்று மாதம் கிடைக்கும்.

கொல்லைக் குட்டையைத் தூர்த்துத் தகர ஷெட் போடப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதை நிறுத்து. அந்த நான்கு மாட்டுக்கும் உன்னிடம் இருக்கிற ஒரே மருந்து அந்தக் குட்டைதான். நத்தை மண்டாமல் பார்த்துக்கொள், ஈரல் புழு வரும், வருஷத்துக்கு இரண்டு தடவை மருந்து கொடுத்தால் போதும். ஷெட்டுக்குக் கீற்றே நல்லது, உயரமாகக் கட்டு.

என்ன முடிவு செய்தாய் என்று எழுது. கிடேரி என்றால் நானே கூட வந்து பல்லும் மடியும் பார்க்கிறேன். பஸ்ஸில் அவ்வளவு தூரம் முட்டி தாங்காது, உன் மருமகனைக் கார் அனுப்பச் சொல்.

அன்புடன்,
ராமசாமி