இரண்டாம் தவணையில் அதிபர் எங்கே நிற்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு முறையும் வன்னிப் பாடசாலைகளைப் பற்றிக் கவலையோடு எழுதுகிறீர்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் எங்கள் பிள்ளைகள் கைநழுவிப் போவது அதற்கு வெகுநாள் முன்னர், இரண்டாம் தவணையில். முப்பது வருடத்துக்கு மேல் துணுக்காய், மாந்தை கிழக்குப் பக்கங்களில் படிப்பித்தவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

முதலாம் தவணையில் புதுக் கொப்பி, புது வகுப்பு, இல்ல மெய்வல்லுநர் போட்டி என்று பாடசாலை தானாகவே ஓடும். மூன்றாம் தவணையை ஆண்டிறுதிப் பரீட்சைப் பயம் இழுத்துக்கொண்டு போகும். நடுத் தவணையை யாராவது தோளில் சுமக்க வேண்டும். சோளகக் காற்று புழுதியை வாரி வகுப்பறைக்குள் கொட்டுகிறது. வற்றாப்பளைப் பொங்கல், மடு ஆடித் திருவிழா என்று ஊர் ஆளுக்கொரு திசையில் புறப்படுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து போகும் ஆசிரியர்கள் இடமாற்றத்தைப் பற்றியே பேசத் தொடங்குகிறார்கள்.

பாலைப்பழமும் அப்போதுதான் பழுக்கிறது. ஏ-9 வீதியோரம் கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டிப் பக்கங்களில் பாலைப்பழம் வாங்கிச் சாப்பிட்ட வாசகர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அதைக் காட்டுக்குள் போய்ப் பறித்து வருபவர்களில் தரம் 9, 10 படிக்கும் பையன்களும் உண்டு. சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைக்காத வருடத்தில் தகப்பன் கூலிக்கு வெளியூர் போயிருப்பார். தாய் வெளிநாட்டில் இருப்பார். அம்மம்மாவோடு இருக்கும் பையன் இரண்டு வாளி பழம் விற்று அரிசி வாங்கிக் கொடுக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

நான் வேலை செய்த ஒரு பாடசாலையின் அதிபரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. முந்திய மூன்று வருட வரவுப் பதிவேடுகளை எடுத்து மேசையில் விரித்தார். எந்தக் கிழமைகளில் எந்த வகுப்பு வெறுமையாகிறது என்று எங்களையே எண்ணச் சொன்னார். மூன்று வருடமும் ஏறக்குறைய அதே கிழமைகள், பெரும்பாலும் திங்களும் வெள்ளியும். அடுத்த வருடம் பழம் பழுக்கும் முன்பே, வயல் வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்து, மாலையில் பெற்றோரைக் கூட்டினார். சனி, ஞாயிறு காட்டுக்குப் போகட்டும், மற்ற ஐந்து நாளும் எனக்கு வேண்டும் என்று கேட்டார். தமிழ்த்தினப் போட்டிக்கான நாடகப் பயிற்சியையும் விஞ்ஞானச் செய்முறைகளையும் திங்கள், வெள்ளி நாட்களுக்கு மாற்றினார். எல்லாப் பையன்களும் திரும்பி வரவில்லை. ஆனால் பாதி வெறுமையாகக் கிடந்த வாங்குகளில் பிள்ளைகளைக் கண்டோம்.

ஆசிரியர்களிடம் அவர் நடந்துகொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். காலை 7.30க்கு ஆசிரியர் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும்; அதற்குப் பிறகு கையெழுத்திடுபவர் பிந்தியவர். பஸ் பழுதானாலும் விழும். அதில் அவர் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. ஆனால் கோட்டைக் கீறிய கையோடு, பிந்தி வரும் ஆசிரியையின் வகுப்புக்குப் போய்விடுவார். தமிழ்ப் பாடம் கற்பித்து அதிபரானவர் அவர். கணிதம் அவ்வளவாக வராது. ஆனாலும் முதல்நாள் கொடுத்த பின்னக் கணக்கை ஒரு பிள்ளையைக் கொண்டு கரும்பலகையில் செய்விப்பார். ஆசிரியை மூச்சு வாங்க வந்து நிற்கும்போது, "மூன்றாம் கணக்கு வரை வந்திருக்கிறோம், ரீச்சர்" என்று வெண்கட்டியைக் கையில் கொடுத்துவிட்டு வெளியேறுவார். ஒரு சொல் கடிந்ததில்லை. அந்த ஆசிரியை அதற்குப் பிறகு ஒரு பஸ் முந்தி வரத் தொடங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆடியில் ஆசிரியர் விடுதிக் கிணறு வற்றும். அவர் பிரதேச சபைக்கு நடையாய் நடந்து, தண்ணீர் பவுசர் வர ஏற்பாடு செய்தார். குளிக்கத் தண்ணீர் இல்லாத விடுதியில் இருக்கும் ஆசிரியருக்கு ஊக்குவிப்புக் கருத்தரங்கு வைத்து என்ன பயன்?

வேறொரு பாடசாலையில் இதற்கு நேர்மாறாகவும் கண்டேன். பிந்தி வந்தவர்களின் பெயர்கள் காலைக்கூட்டத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டன. தலைகுனிந்து நின்ற ஆசிரியர் அன்று முழுவதும் வகுப்பில் என்ன கற்பித்திருக்க முடியும்? அந்த வருடம் இடமாற்ற விண்ணப்பப் படிவத்தை நிரப்பியவர்களில் நானும் ஒருத்தி.

அதிபர்களை மட்டும் குறை சொல்லி இக்கடிதத்தை முடிக்க எனக்கு மனமில்லை. எழுதுவினைஞர் இல்லாத சிறிய பாடசாலையில் அதிபரே கடிதம் எழுதுகிறார், கணக்கு வைக்கிறார், மதிய உணவைப் பார்க்கிறார். போதாததற்கு, பகல் பன்னிரண்டு மணிக்குள் இந்தத் தரவை அனுப்புக என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. போன மாதம் கேட்ட அதே தரவு, வேறு படிவத்தில். கிழமைக்கு இரண்டு நாள் கூட்டத்துக்கு வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஓடுகிறவர் எந்த வகுப்பில் போய் நிற்பது? அவர் நிரந்தர நியமனம் இல்லாத, கடமை நிறைவேற்று அதிபராக இருந்துவிட்டால் இன்னும் கஷ்டம். அடுத்த வருடம் அந்தக் கதிரையில் இருப்போமா என்று தெரியாத ஒருவர் மூன்று வருடப் பதிவேட்டை விரித்து வைத்து யோசிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

1996 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்து மல்லாவி, அக்கராயன், ஸ்கந்தபுரம் என்று சனம் நிரம்பி வழிந்தபோது மரத்தடியிலும் கிடுகுக் கொட்டிலிலும் படிப்பித்தோம். சுவர் இல்லை. அதிபர் எந்த வகுப்பில் நிற்கிறார் என்று எல்லா வகுப்புக்கும் தெரிந்தது. இன்று மாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன. அவற்றில் அதிபரின் அறை ஒரு மூலையில் இருக்கிறது.

வலயக் கல்விப் பணிப்பாளர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. இரண்டாம் தவணை முழுவதும் திங்கள், வெள்ளி நாட்களில் எந்த அதிபரையும் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். தவணை நடுவில் பதிலாள் இல்லாமல் கணித, விஞ்ஞான ஆசிரியரைத் தூக்காதீர்கள். நிரந்தர அதிபர் இல்லாத பாடசாலைகளின் விபரத்தைப் பெற்றோர் பார்க்க அறிவித்தல் பலகையில் போடுங்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த பெறுபேறு வரும்வரை காத்திராமல், பாலை பழுக்கும் காலத்தில் ஒரு திங்கட்கிழமை உங்கள் நிருபரை எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு அனுப்புங்கள். தரம் 10 வகுப்பில் எத்தனை வாங்கு வெறுமையாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை ஆசிரியை,
மல்லாவி.