ஸ்டென்ட் வைத்தபின் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

போன வருடம் ஆடி மாதம் எனக்கு மாரடைப்பு வந்தது. மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, அடைப்பை நீக்கி, ரத்தக்குழாய் மறுபடி மூடாமலிருக்க ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாய் ஒன்றை வைத்தார்கள். டாக்டருக்கு அன்றே காலில் விழாத குறையாக நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடல் அதற்கப்புறம் வந்த ஒரு வருடத்துக்காக.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோது நெஞ்சில் வலி இல்லை. மணிக்கட்டில் கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். வினையே அதுதான். வலி இருந்தால் மாத்திரை தானாக ஞாபகம் வரும். வலி போய்விட்டால் நோயாளி என்பதே மறந்துபோகும்.

டிஸ்சார்ஜ் அன்று மாத்திரைக் கவர்களில் பேனாவால் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்த நர்ஸம்மாவுக்கு முதல் நன்றி. என் மனைவி பதில் சொல்ல வாயெடுத்தபோது, "நீங்க இருங்கம்மா, ஐயா சொல்லட்டும்" என்று என்னையே ஒப்பிக்க வைத்தீர்கள். ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் ரத்தம் உறையாமலிருக்க, ராத்திரி அட்டோர்வாஸ்டாட்டின் கொழுப்புக்கு. முதல் இரண்டை நானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும் என்றீர்கள்.

அப்படியும் நான்காம் மாதம் கோட்டை விட்டேன். ஊரில் கல்யாணம், மாத்திரை டப்பா வீட்டில். திரும்பி வந்தும் ஒருநாள் போட்டு ஒருநாள் விட்டேன். மருந்துக்கடைத் தம்பி பில் போடும்போது நிமிர்ந்து பார்த்தார். "அண்ணே, போன தடவை வாங்கி முப்பத்தாறு நாள் ஆச்சு. முப்பது மாத்திரைதானே வாங்குனீங்க?" எனக்கு முகம் வேர்த்துவிட்டது. வேறு எதுவும் சொல்லாமல் அட்டையின் பின்னால் அடுத்து வாங்க வேண்டிய தேதியை எழுதிக் கொடுத்தார். தம்பி, ஆறு மாத்திரைக் கணக்கில் என்னைப் பிடித்தீர்களே, அதை மறக்க மாட்டேன்.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனபோது, இதய டாக்டரைக் கேட்காமல் கைவைக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிய பல் டாக்டருக்கும் நன்றி. அன்று உங்களைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன்.

மனைவிக்குப் பொதுவில் நன்றி சொன்னால் பிடிக்காது. ஆனாலும் சொல்கிறேன். எனக்கென்று தனிச் சமையல் செய்யாமல் வீட்டுக்கே உப்பைக் குறைத்தாள். அப்பளம், ஊறுகாய், கருவாடு எல்லாம் எல்லாருக்குமே நின்றுபோயின. தனிச் சமையலாக இருந்திருந்தால் ஒரே வாரத்தில் பக்கத்துத் தட்டில் கைவைத்திருப்பேன்.

சிகரெட் கேட்டபோதெல்லாம் கடலைமிட்டாய் பாட்டிலை என் பக்கம் தள்ளிய டீக்கடை அண்ணனுக்கு இருபது வருட வியாபாரம் நஷ்டம். அதற்கும் சேர்த்து நன்றி.

கடைசியாக, தெப்பக்குளம் நடைக் கூட்டாளிகளுக்கு. தனியாக நடக்க அப்போது எனக்குப் பயம். போகிற வழியில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று. மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நீங்கள் வாயைக் கிண்டிக்கொண்டே வந்தீர்கள். என் பேச்சு நின்றால் உங்கள் காலும் நின்றது. அரைச் சுற்றில் தொடங்கி இப்போது மூன்று சுற்று.

மழையைச் சாக்கு வைத்து இந்த வாரம் இரண்டு நாள் டிமிக்கி கொடுத்துவிட்டேன். நாளைக் காலை ஐந்தரைக்கு வந்துவிடுகிறேன், வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் காமராஜர் சாலைக்காரன்,
மதுரை