ஈவ் மியூர்ஹெட்டுக்குக் கிடைத்த பன்னிரண்டு ஆண்டுகள்

யுகே ஸ்போர்ட், பிரிட்டிஷ் கர்லிங் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். எந்த விளையாட்டுக்கு எவ்வளவு பணம் என்று முடிவு செய்யும்போது நீங்கள் முதலில் பார்ப்பது பதக்க வாய்ப்பை. அரசுப் பணமும் லாட்டரிப் பணமும் என்பதால் கணக்குக் கேட்கத்தான் வேண்டும், சரி. பனித்தளத்தில் கருங்கல்லை வழுக்கவிட்டு வட்டத்தின் நடுவுக்கு அருகே நிறுத்தும் கர்லிங்கில், ஒரு பெண்கள் அணியை எத்தனை வருஷம் பொறுத்து எடைபோடுகிறீர்கள் என்பதில்தான் என் முறையீடு.

ஸ்காட்லாந்தின் பிளேர் அத்தோலிலிருந்து வந்த ஈவ் மியூர்ஹெட், 2010-ல் வான்கூவர் ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணியின் ஸ்கிப்பாக, அதாவது தலைவராக, இறங்கியபோது அவருக்கு வயது 19. வென்றது மூன்று ஆட்டம், தோற்றது ஆறு. அந்தக் கணக்கை மட்டும் பார்த்து யாரும் அவரை ஒதுக்கவில்லை. 2013-ல் ரீகாவில் உலகப் பட்டம், அடுத்த வருஷம் சோச்சியில் வெண்கலம்.

அப்புறம் 2018, பியோங்சாங். ஜப்பானோடு வெண்கலத்துக்கான ஆட்டம், கடைசி எண்ட் (ஆட்டத்தின் ஒரு சுற்று), 3-4 என்று பின்தங்கிய நிலை. கடைசிக் கல் ஈவ் கையில். இரண்டு புள்ளி கிடைத்தால் பதக்கம். கல் ஜப்பானின் கல்லில் பட்டது, ஆனால் நினைத்தபடி விலகவில்லை. புள்ளி ஜப்பானுக்குப் போனது. 5-3. ஏறக்குறைய இருபது கிலோ கருங்கல், பனியில் நாற்பது மீட்டர் போல வழுக்கிப் போய், சில அங்குலம் தள்ளி நின்றால் பதக்கம் போய்விடும் ஆட்டம் இது. அந்தச் சில அங்குலத்தை வைத்து நான்கு வருஷ உழைப்புக்கு மார்க் போட முடியுமா?

அதன் பிறகு இடுப்பில் அறுவைச் சிகிச்சை. 2021 உலகப் போட்டியில் எட்டாமிடம், ஒலிம்பிக்குக்கு நேரடி இடமும் இல்லை. கைவிட அதைவிட வசதியான தருணம் இருந்திருக்காது. நீங்கள் கைவிடவில்லை. ஒன்பது பேர் கொண்ட குழுவை உருவாக்கி, அதிலிருந்து ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தீர்கள்: ஈவ், விக்கி ரைட், ஜெனிபர் டாட்ஸ், ஹெய்லி டஃப், மிலி ஸ்மித். கொரோனா காலத்தில் மருத்துவமனைப் பணிக்குத் திரும்பிய செவிலியர் விக்கி. அந்த ஐவரும் லில்லஹாமரில் ஐரோப்பியப் பட்டம் வென்று, லீவார்டனில் தகுதிச் சுற்றையும் தாண்டி பெய்ஜிங் போனார்கள்.

அங்கேயும் நூலிழைதான். லீக் சுற்றில் ஐந்து வெற்றி, நான்கு தோல்வி. ஜப்பானுக்கும் கனடாவுக்கும் அதே கணக்கு. மூவரில் யார் வெளியே என்பதை முடிவு செய்தவை, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் வட்டத்தின் நடுவைக் குறிவைத்து விடும் கற்கள். அவை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றன என்ற சராசரியில் கனடா வெளியேறியது. அரையிறுதியில் முதல் எண்டிலேயே சுவீடனுக்கு நான்கு புள்ளி விட்டுக்கொடுத்து, கூடுதல் எண்டில் 12-11 என்று மீண்டார்கள். இறுதியில் ஜப்பானை 10-3. அந்த ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்குக் கிடைத்த ஒரே தங்கம்.

அந்தச் சராசரி கொஞ்சம் மாறியிருந்தால் இதே ஐவர் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள். உங்கள் பட்டியலில் அது தோல்வி என்று பதிவாகியிருக்கும். ஆட்டத்தின் தரம் என்னவோ அதேதான்.

அதனால் என் வேண்டுகோள் இது. பத்தொன்பது, இருபது வயதில் ஸ்கிப்பாக வரும் ஒரு பெண்ணுக்குக் குறைந்தது இரண்டு ஒலிம்பிக் காலமாவது உறுதி கொடுங்கள். முதல் ஒலிம்பிக்கில் பதக்கம் வரவில்லை என்பதற்காக உதவித்தொகையைக் குறைக்காதீர்கள். காயத்திலிருந்து மீளும் மாதங்களை ஆட்டமில்லாத மாதங்கள் என்று கழிக்காதீர்கள். தோற்ற அணியைக் கலைக்கத்தான் வேண்டும் என்றால், 2021-ல் செய்ததுபோல அனுபவசாலிக்கும் இடம் வைத்துக் கலையுங்கள்.

ஈவ் 2022 ஆகஸ்டில் ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்குக் கொடுத்த அவகாசத்தை, ஸ்டர்லிங் அகாடமியில் இப்போது பயிற்சி எடுக்கும் பெண்களுக்கும் எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
கர்லிங் ரசிகர் ஒருவர்