ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலா: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை இந்த வருடம் ஊட்டிக்குப் பதிலாக ஆர்மாமலைக் குகைக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் கூட்டிப் போகிறோம் என்று அறிவித்ததிலிருந்து பலர் நேரில் வந்து கேட்டுவிட்டீர்கள். "பக்கத்துல இருக்கிற மலைக்கா சார் டூர்?" என்றார் ஒரு அப்பா. நியாயமான கேள்வி. வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது. மலை தாங்குகிற அளவுக்கு மேல் வண்டி ஏறிவிட்டது. அந்த நெரிசலில் நம் பஸ்களும் சேர்ந்து நின்றால் பிள்ளைகள் பார்க்கப்போவது முன்னால் நிற்கிற வண்டியின் பின்பக்கத்தைத்தான். தாய்லாந்தில் மாயா பே என்று ஒரு கடற்கரை. ஒரு சினிமாவால் பேர் வாங்கி, தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் படகில் வந்து இறங்கி, பவளப்பாறைகள் நாசமாயின. 2018-ல் இழுத்து மூடினார்கள். 2022-ல் திறந்தபோது படகுகளை விரிகுடாவுக்குள்ளேயே விடவில்லை. ஆட்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். மூடியிருந்த காலத்தில் சுறாக்கள் திரும்பி வந்திருந்தன. ஒரு இடத்தைக் கொஞ்சம் மூச்சுவிட விட்டால் அது தேறி வரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எல்லா இடமும் தேறி வராது. ஆர்மாமலையைத் தேர்ந்தெடுத்ததே அதைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான். மலையாம்பட்டு கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தக் குகையில் எட்டாம் நூற்றாண்டு வாக்கில் சமண முனிவர்கள் தங்கியிருந்தார்கள். உள்ளே மண் சுவர் எழுப்பி அறைகளாக்கி, மேற்கூரைப் பாறையில் சுண்ணாம்பு பூசி ஓவியம் தீட்டினார்கள். சித்தன்னவாசலை எல்லோருக்கும் தெரியும். அதே வகை ஓவியம் நம் பழைய வட ஆற்காட்டிலும் இருப்பது வேலூரில் பிறந்து வளர்ந்த பலருக்கே தெரியாது. இன்று மிச்சமிருப்பது திட்டுத்திட்டாகக் கொஞ்சம் நிறம்தான். அண்ணாந்து பார்த்துக் கண் பழகிய பிறகுதான் தாமரை தாமரையாகத் தெரியும். சட்டென்று பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்கு அது வெறும் கறை.

பிரான்சில் லாஸ்கோ குகை 1940-ல் கண்டுபிடிக்கப்பட்டு 1948-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 17,000 வருடம் கெடாமல் இருந்த ஓவியங்கள். தினமும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே போனார்கள். யாரும் கிறுக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. அவர்கள் விட்ட மூச்சே போதுமானதாக இருந்தது. அதிலிருந்த ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து சுவரில் பாசி பிடித்தது. 1963-ல் குகையை மூடிவிட்டு, பிற்பாடு பக்கத்திலேயே ஒரு மாதிரிக் குகையைக் கட்டி அதைத்தான் மக்களுக்குக் காட்டுகிறார்கள்.

நம் ஆர்மாமலை காற்றோட்டமான குகை. அங்கே மூச்சைவிடக் கையைப் பற்றித்தான் எனக்கு அதிகப் பயம். விரல் வியர்வை, உரசுகிற புத்தகப் பை, "நானும் வந்தேன்" என்று ஆணியால் கீறுகிற பெயர். வேலூர்க் கோட்டைச் சுவரை ஒரு தடவை கிட்டப் போய்ப் பாருங்கள். அம்பு பாய்ந்த இதயங்களுக்குக் குறைவில்லை. கருங்கல் அதைத் தாங்கும். சுண்ணாம்புப் பூச்சு தாங்காது, உதிர்ந்தால் உதிர்ந்ததுதான். அதனால் பத்துப் பத்துப் பேராக உள்ளே அனுப்புவோம். பை வெளியே இருக்கும். காத்திருக்கிற நேரத்தில் மற்றவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து நோட்டில் படம் வரைவார்கள். ஒரு பஸ்ஸுக்கு மேல் ஒரே நாளில் கூட்டிப் போகமாட்டோம் என்பதற்கும் இதுவே காரணம். பிரிவு பிரிவாக வெவ்வேறு சனிக்கிழமைகளில் போவார்கள்.

அப்புறம் காவலூர். ஜவ்வாது மலையில் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிற வைணு பாப்பு வானாய்வகம் 1968-லிருந்து இயங்குகிறது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977-ல் தெரியவந்தபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986-லிருந்து 2.3 மீட்டர் குறுக்களவுள்ள பெரிய தொலைநோக்கி அங்கே வேலை செய்கிறது. இந்தக் காட்டு மலையைத் தேடிப் பிடித்ததற்கு இங்கே இருந்த நல்ல இருட்டு ஒரு முக்கியக் காரணம். சுற்றிலும் ஊர்கள் வளர, எல்லா வெளிச்சமும் வானத்தில் ஏறி அந்த இருட்டைத் தின்கிறது. அழிகிற இயற்கை என்றதும் காடு, ஆறு, யானை என்றுதான் நினைக்கிறோம். வானத்தை அதில் சேர்ப்பதே இல்லை. வேலூர் சத்துவாச்சாரியில் மொட்டை மாடியில் நின்று எண்ணக்கூடிய நட்சத்திரங்களையும் அங்கே தெரிபவற்றையும் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது, அதற்கும் தயாராக வரச் சொல்லுங்கள். மலையில் இருக்கும் நேரம் முழுக்க மொபைல் டார்ச்சுக்கு அனுமதி இல்லை.

அதே ஜவ்வாது மலையில் இருக்கிற பீமன் அருவி ஏன் இல்லை என்றும் சிலர் கேட்டீர்கள். அருவிக் கரைப் பாறை இடுக்குகளில் செருகிக் கிடக்கும் ஷாம்பு பாக்கெட்டுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செய்யாறு பிறப்பது இந்த மலையில்தான். மேலே கரைகிற நுரை கீழே யாரோ ஒருவர் கிணற்றுக்குத்தான் வரும். ஒரு பஸ் பிள்ளைகளை அங்கே இறக்கிவிட்டுக் கட்டுப்படுத்த முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆகவே அருவி வேண்டாம்.

மதியச் சாப்பாட்டை மலைக் கிராமத்துப் பெண்களிடமே சொல்லியிருக்கிறோம். சாமைச் சோறும் குழம்பும். பிள்ளைக்குப் பிடிக்காதே என்று சிப்ஸ் பாக்கெட் கட்டிக் கொடுக்காதீர்கள், ஒரு வேளைதானே. கைச்செலவுக்குக் காசு கொடுத்தால் அங்கேயே தேனோ புளியோ வாங்கி வரச் சொல்லுங்கள். சுற்றுலா வருகிறவர்களின் பணம் மலையில் இருப்பவர்கள் கைக்குப் போய்ச் சேருவது குறைவு. அங்கே வாழ்கிற மலையாளி என்ற பழங்குடி மக்களின் (கேரளத்து மலையாளிகள் அல்ல) வீட்டு வாசலில் நின்று கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லிவிட்டோம். வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நம் வீட்டுத் திண்ணையில் யாராவது வந்து அப்படி எடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

சரி, கொண்டுவர வேண்டியவை: எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், தட்டு, டம்ளர், நோட்டு, பென்சில், இரவுக் குளிருக்கு ஸ்வெட்டர். பஸ்ஸில் ஸ்பீக்கர் கிடையாது, பிள்ளைகளே பாடலாம். திரும்பி வர இரவு மணி பதினொன்று ஆகிவிடலாம். பெண் பிள்ளைகளைக் கூட்டிப் போகப் பெற்றோரில் ஒருவர் கட்டாயம் பள்ளிக்கு வர வேண்டும்.

கட்டணம் கட்ட முடியாதவர்கள் என்னை நேரில் வந்து பாருங்கள். பணத்துக்காக எந்தப் பிள்ளையும் நின்றுவிடக் கூடாது. கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
வேலூர்