மூடி இல்லாத இழைப்பு மெஷின்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கதவும் நிலையும் செய்யும் சிறு மரப்பட்டறைகளில், சர்ஃபேஸ் பிளேனர் என்று நாங்கள் சொல்லும் இழைப்பு மெஷின் இல்லாத இடம் இன்று அரிது. இரண்டு பலகைகளை ஓரம் சேர்த்து ஒட்டினால் இடையில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு அது நேர்செய்து தந்துவிடும். ஆனால் நான் பார்த்த பட்டறைகளில் பெரும்பாலானவற்றில், சுழலும் கத்தியை மறைக்க வேண்டிய மூடி மெஷினில் இராமல் ஏதோ ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கிறது.

நிலைச்சட்டத்தில் கதவு அமரும் காடியை, அதாவது ஓரப் பள்ளத்தை, இதே மெஷினில் எடுக்கும்போது மூடி இடைஞ்சலாக இருப்பதால் கழற்றுகிறார்கள். அந்த வேலை முடிவதற்குள் அடுத்த சட்டம் வந்துவிடுகிறது, மூடி திரும்ப ஏறுவதில்லை. காடியை ரூட்டர் என்னும் பள்ளமெடுக்கும் மெஷினில் எடுத்தால் மூடியைத் தொடவே வேண்டியதில்லை.

நிமிடத்துக்கு 5,000 சுற்று சுழலும் உருளையில் மூன்று கத்திகள் இருந்தால் நொடிக்கு 250 வெட்டு விழுகிறது. ரம்பம் பட்டுத் துண்டான விரலையாவது மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு ஓடலாம்; இந்த மெஷினில் போன விரல் மரச்சீவலோடு சீவலாகப் போய்விடுவதால், ஒட்டுவதற்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. என் இடது கை மோதிர விரலின் நுனி அப்படித்தான் போயிற்று. ஒரு சாண்கூட நீளமில்லாத தேக்குத் துண்டை, பலகையைத் தள்ளுவதற்கென்றே கைப்பிடி வைத்த தள்ளுகட்டை பக்கத்திலேயே இருந்தும், வெறுங்கையால் தள்ளினேன். குற்றம் முழுக்க என்னுடையதே.

ஓர் அடிக்குக் குறைந்த துண்டுகளை இழைப்புளியால் கையிலேயே சீவிக்கொள்வதுதான் முறை. ஒரே தள்ளில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் சீவ ஆசைப்படுவதும், மரத்தின் நாரோட்டத்துக்கு எதிராகத் தள்ளுவதும், மழுங்கிய கத்தியோடு மல்லுக்கட்டுவதும் பலகையைத் துள்ளச் செய்யும். அது துள்ளும் நொடியில் அதை அழுத்திக்கொண்டிருந்த கை கத்திமேல் விழும். பழைய வீடுகளை இடித்து வரும் பர்மா தேக்கில் ஆணி இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு என்று எண்ணிக் கையுறை மாட்டுவோரும் உண்டு. துணியின் ஓரம் கத்தியில் சிக்கினால் கை முழுவதும் உள்ளே இழுபடும் என்பதால் இங்கே வெறுங்கைதான் மேல்.

இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆவது பிரிவு அன்றே விதித்தது. ஆனால் மின்விசையில் இயங்கும் இடமானால் 10 பேராவது வேலை பார்க்க வேண்டும் என்பது அச்சட்டம் வகுத்த பொது எல்லை. மூன்று பேர், நான்கு பேர் வேலை செய்யும் பட்டறையை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆகவே மூடியும் இரண்டு தள்ளுகட்டைகளும் இல்லாமல் இந்த மெஷினை விற்கக் கூடாது என்று விற்பனையாளர்களுக்கே அரசு விதிக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்கள் மூலையில் கிடக்கும் மூடியை இன்றே எடுத்து மாட்டலாம். அதற்கு ஒரு ஸ்பானர் போதும்.

இப்படிக்கு,
ஒரு தச்சர்,
கும்பகோணம்.