பயிற்சி முடிக்கும் பிள்ளையும் பந்தலில் இருக்கும் பெற்றோரும்

ஆசிரியருக்கு,

தமிழ்ப் பிள்ளைகள் படையிலோ பொலிஸிலோ சேர்ந்து பயிற்சி முடித்தால் பத்திரிகைகளில் செய்தி இரண்டு விதமாக வரும். அணிவகுப்புப் படமும் பிரதம விருந்தினரின் பேச்சும் ஒன்று. 'சம்பளத்துக்கு விலைபோனவர்கள்' என்ற குத்தல் மற்றது. பெற்ற தாய் தகப்பன் இரண்டிலும் இல்லை. மாதக்கணக்கில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு, கடைசி நாளில் பந்தலுக்குக் கீழே எங்கே இருப்பது, எப்போது எழும்புவது என்று தெரியாமல் பக்கத்து ஆட்களின் முகத்தைப் பார்ப்பவர்கள் அவர்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். சேர்ந்தது சரியா பிழையா என்ற வழக்கை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

வன்னியில் 'பயிற்சி முடிஞ்சுதாம்' என்ற செய்திக்கு ஒரு பழைய பொருள் உண்டு. வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் பிள்ளைகளைக் கொண்டுபோன 2007, 2008 காலத்தில், பயிற்சி முடிந்தது என்றால் அடுத்தது முன்னரங்கு. கேட்ட செவி இன்னும் மாறவில்லை. தலைப்பிள்ளையைத் தேடி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்துக்குப் போய்வரும் வீட்டிலேயே கடைக்குட்டி அரச சீருடையோடு நிற்கலாம். அந்த வீட்டுச் சுவரில் இரண்டு பிள்ளைகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட முடியாது. பெருமையும் பயமும் ஒரே மூச்சில் வந்தால் அதற்காக யாரும் குறுகத் தேவையில்லை.

ஊர்ப் பெயர்களே சிலரைக் கலக்கிவிடும். காலிப் பக்கத்துப் பூசா என்றால் எங்கள் ஆட்களுக்குத் தடுப்பு முகாம்தான் நினைவுக்கு வரும். அதே பூசாவில் கடற்படையின் 'நிபுண' பயிற்சி நிலையமும் இருக்கிறது. தியத்தலாவையும் 1900இல் போயர் போர்க் கைதிகளை ஆங்கிலேயர் அடைத்துவைத்த இடம்தான். இன்று அங்கே தரைப்படையினதும் விமானப்படையினதும் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. 'தம்பி பூசாவில நிக்கிறான்' என்று தொலைபேசியில் கேட்ட அம்மம்மாவுக்கு முழு விளக்கத்தையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

பயத்தில் பாதி, உள்ளே என்ன நடக்கிறது என்று எவரும் சொல்லாததால் வருவது. முதல் சில கிழமைகளில் தொலைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். பிறகு கிழமைக்கு ஒருக்கால் சில நிமிடம் கதைக்க விடுவார்கள். முதல் அழைப்பில் குரல் அடைத்திருக்கும். அழுதிருக்கிறான் என்று பதறவேண்டாம். நாள் முழுக்கத் தொண்டை கிழிய எண்ணிக் கத்தினால் எவருக்கும் குரல் கட்டும். அந்த நாலு நிமிடத்தில் 'சாப்பிட்டியா' என்பதோடு இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: கால் எப்படி, சிறுநீர் என்ன நிறம். தேயிலைச் சாயம்போல் கறுத்துப் போய், தொடையும் தோளும் தாங்க முடியாமல் நொந்தால், அளவுக்கு மீறிய பயிற்சியில் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம். 'தண்ணி குடி' என்பது அதற்குப் போதாது. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டச் சொல்லவேண்டும்.

காலைப்பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்தவர்கள், முன்பாதம் அகன்றிருக்கும். சப்பாத்தோ நீளத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. அகலம் காணாமல் சின்னவிரல் உரஞ்சும், பெருவிரல் நகம் கறுக்கும். புதுத்தோலும் வியர்வையும் சேர்ந்தால் குதிக்கால் இரண்டே நாளில் கொப்பளிக்கும். மெல்லிய காலுறை ஒன்றைப் போட்டு அதற்குமேல் தடித்ததைப் போட்டால், உரஞ்சல் இரண்டு துணிக்கும் இடையில் நடக்கும், தோல் தப்பும். இதற்காகவே சப்பாத்து அளவெடுக்கும்போது இரண்டு காலுறையோடும் போட்டுப் பார்க்கவேண்டும். கொப்பளத்தின் தோலை உரிக்கக் கூடாது. வீட்டிலிருந்து அனுப்புவதானால் காலுறை ஆறு சோடி, பவுடர், பிளாஸ்டர் போதும். நல்லெண்ணெய் வேண்டாம், ஈரத்தோல் இன்னும் இளகும்.

கணுக்காலுக்கு மேலே எலும்பில் ஒரே இடத்தில், விரலால் அழுத்தினால் சுருக்கென்று நோகிறது, ஓய்வெடுத்தாலும் மாறவில்லை என்றால் அது தசைப்பிடிப்பு அல்ல. ஓட்டமும் சுமையும் திடீரென்று கூடியதால் எலும்பில் மயிரிழைபோல் வெடிப்பு வந்திருக்கலாம். பெண்பிள்ளைகளுக்கு, அதுவும் இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு, இது கூடுதலாக வரும். சொன்னால் அடுத்த அணியோடு சேர்த்துப் பின்போட்டுவிடுவார்கள் என்று பிள்ளை மறைக்கும். அந்த நேரத்தில் 'இன்னும் ஒரு மாசம்தானே, பொறு' என்று சொல்லும் தாய் தகப்பன்தான் பெரிய கெடுதல் செய்கிறார்கள். பின்போட்டால் போகட்டும். மயிரிழை முழு முறிவானால் வேலையே போகும்.

இனி அந்த அணிவகுப்பு நாள். கடற்படையின் பூனாவ நிலையம் என்றால் வவுனியாவுக்கும் மதவாச்சிக்கும் இடையில்தான். வவுனியாவில் முதல்நாள் இரவு தங்கினால் போதும். தியத்தலாவை 4000 அடிக்கு மேலே. வன்னி வெயிலில் காய்ந்த உடம்புக்கு அந்த விடியற்குளிர் ஊசி. மெல்லிய பட்டுச்சேலையோடு போய் விறைத்து நிற்காமல் சுவெட்டர் ஒன்று கொண்டுபோங்கள். எங்கே போவதென்றாலும் தேசிய அடையாள அட்டை கையில் இருக்கவேண்டும். அதிலுள்ள பெயரும் வாசலில் வைத்திருக்கும் பட்டியலிலுள்ள பெயரும் ஒத்துவராமல் மறிபடுவதுதான் எங்கள் ஆட்களுக்கு வரும் முதல் இடைஞ்சல். தகப்பன் கந்தையா ஒரு தாளில் முதலெழுத்தாகவும் மற்றத் தாளில் குடும்பப் பெயராகவும் இருப்பார்.

மைதானத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அச்சு. தலைமுடி ஒட்ட வெட்டி, முகம் கறுத்து, கன்னம் ஒட்டியிருக்கும். எத்தனையாவது அணி, எத்தனையாவது வரிசை என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வழமையாக உயரமானவர்களை இரண்டு அந்தலிலும் கட்டையானவர்களை நடுவிலும் நிறுத்துவார்கள். கட்டைப் பிள்ளையை ஓரத்தில் தேடிக் கண்ணைக் கெடுக்காதீர்கள். நடை நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 காலடி. படம் எடுக்க நினைத்தால் உங்களைக் கடக்கும் முன்பே கமராவைத் தூக்கி வைத்திருக்கவேண்டும்.

நடுவில் ஓரிரு பிள்ளைகள் மயங்கி விழக்கூடும். முழங்காலை இறுக்கி அசையாமல் நின்றால் கால்தசை இயங்காது, இரத்தம் கீழேயே தங்கிவிடும், தலைக்குப் போவது குறையும். காலையில் சாப்பிடாமலும் தண்ணீர் குடிக்காமலும் நின்றால் இன்னும் விரைவாக நடக்கும். கிடத்திக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தெளியும். ஆனால் சீருடையோடு ஒரு பிள்ளை மண்ணில் விழுவதையும் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடுவதையும் பார்க்கும் வன்னித் தாய்க்கு அது வெறும் மயக்கமாகத் தெரியாது. கூட்டிப்போகிறவர்கள் இதை முதலே சொல்லி வையுங்கள். முதல்நாள் கதைக்க விட்டால் பிள்ளைக்கும் சொல்லுங்கள்: சாப்பிடு, தண்ணி குடி, நிற்கும்போது சப்பாத்துக்குள் விரலை அசைத்துக்கொண்டு நில்.

சத்தமும் அப்படித்தான். அணிவகுப்பு முடிந்ததும் சில இடங்களில் வெற்றுவேட்டு, புகைக்குண்டு என்று சாகசம் காட்டுவார்கள். சுற்றியிருப்பவர்கள் கைதட்டுவார்கள். மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பங்கருக்குள் கிடந்த உடம்பு அந்த முதல் வெடிக்கே தரையில் குந்திவிடும். இது நடிப்பும் அல்ல, அவமரியாதையும் அல்ல. வெடி உண்டா என்று முன்பே கேட்டு, உண்டென்றால் பின்வரிசையில், வெளியே போகும் வழிக்கருகே இருங்கள். வெடிக்க முன்னர் தமிழிலும் ஒரு வரி அறிவிக்க ஏற்பாட்டாளர்களுக்கு எவ்வளவு நேரம் போய்விடும்?

சாப்பாடு கட்டிக்கொண்டு போவது எங்கள் வழக்கம், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் தேங்காய்ப்பூப் போட்ட புட்டும் கோழிக்கறியும் இரவு பஸ்ஸில் பத்து மணித்தியாலம் வெந்தால் புளித்துவிடும்; பிள்ளைக்கு வயிற்றால் போகும். பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை, பனங்கட்டி, முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு வாங்கும் கச்சான், இவை எந்த வெக்கைக்கும் நிற்கும். கறியை வீட்டுக்கு வந்தபிறகு காய்ச்சலாம்.

வீட்டுக்கு வந்தபிறகு முதல் இரண்டு நாளும் நித்திரைதான். விடிய நாலரைக்கு எழும்பிப் போர்வையை மடிப்பான், அஞ்சு நிமிடத்தில் கோப்பை வெறுமையாகும், சும்மா கதைத்தாலும் சத்தம் போடுவதுபோல் இருக்கும். சில கிழமையில் தணியும். சீருடையோடு கோயிலுக்கு வா என்றோ, மச்சான்மாருக்குக் காட்ட உடுத்து என்றோ கேட்காதீர்கள். முகநூலில் படம் போடும் வேலையை வெளிநாட்டுச் சித்தப்பாவிடம் விடாதீர்கள். அது வாழ்த்தில் தொடங்கி வசவில் முடியும், வாசிப்பது ஊரிலிருக்கும் தாய். அக்கம்பக்கத்தில் முகம் கொடுக்காதவர்களிடம் வாதாடப் போகவேண்டாம். அவர்களுக்கும் அவர்களுடைய காரணம் இருக்கிறது.

கடைசியாக ஒரு கோரிக்கை, இதைப் பத்திரிகை எடுத்துச் சொன்னால் கேட்பார்கள். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அப்படியிருந்தும் அழைப்புக் கடிதம் சிங்களத்தில் மட்டும், அதுவும் நாலு நாளுக்கு முன்னர் வந்து சேர்ந்தால், கிராம அலுவலரிடம் ஓடி வாசிப்பித்து, கூலிவேலைக்கு லீவு சொல்லி, பஸ் காசு மாறிப் புறப்பட நேரம் எங்கே? தகப்பன் உயிரோடு இருக்கிறாரா என்று சொல்லமுடியாத வீடுகள் இங்கே எத்தனையோ. மரணச் சான்றிதழ் எடுக்காத அந்த வீடுகளுக்கு வரும் கடிதத்தில் தகப்பன் பெயரை மட்டும் எழுதினால் வாசலில் தாய்க்கு அனுமதி இல்லை என்றாகிறது. ஒரு தாள் போதும்: தமிழில், இரண்டு கிழமைக்கு முன்னர், தாயின் பெயருக்கு. எந்த வாசல், எத்தனை மணி, எத்தனை பேர், பிள்ளை எத்தனையாவது அணி, வெடி உண்டா இல்லையா, பிள்ளையை எத்தனை மணிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அதில் இருக்கட்டும்.

வன்னிப் பெற்றோர் சிலர்,
கிளிநொச்சி.